ஒரு விரல் கிளட்ச்

பேரிங்கை ஃப்ரீசரில் வைப்பதற்கு முன்னால் அதற்கு ஒரு சீட்டு எழுதி ஒட்டுகிறாள். தேதி, நேரம், இடமா வலமா. சீட்டு ஒட்டிய பை, பட்டாணிப் பாக்கெட்டுக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கேக் வேக வேண்டிய ஓவனிலோ மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அலுமினிய ஓடு சூடாகிக்கொண்டிருக்கிறது. சூட்டில் ஓடு விரியும், குளிரில் பேரிங் சுருங்கும். வெளியே எடுத்த அரை நிமிடத்துக்குள் ஒன்றுக்குள் ஒன்றை இறக்கிவிட வேண்டும். இறக்கும்போது அவள் வாய் தன்பாட்டுக்கு முணுமுணுக்கிறது. "மூச்ச இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க." டொக் என்று ஒரு சத்தம். "இப்ப விடுங்க."

சமையலறை வாசலில் நிற்கும் கணவர் அப்போதுதான் மூச்சு விடுகிறார். தானும் பிடித்துக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது.

அந்த வாசகம் ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டது. இருபத்தொன்பது வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறாள். மூன்று மாடியிலும் அவள் 'எக்ஸ்ரே அக்கா'தான். அவளைவிட இருபது வயது மூத்த நோயாளிகளும் கூசாமல் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஒல்லி, குட்டை, கண்ணாடி. எதற்கும் முதலில் "சரி" என்பாள். அந்தச் சரிக்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை, காதில் விழுந்தது என்று மட்டுமே அர்த்தம். இதைக் கண்டுபிடிக்கக் கணவருக்கு நாலைந்து வருடம் ஆயிற்று.

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். இருபத்தாறு வருடத்தில் பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பிரேக் போட்டால் பிள்ளைகள் கையிலிருக்கும் தண்ணீர்கூடத் தளும்பாது. அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவி, ஞாயிற்றுக்கிழமையானால் மோட்டார் சைக்கிளைப் பாறை மேல் ஏற்றுகிறாள்.

வண்டிக்கு நாற்பத்தாறு வயது. ஏழு வருடத்துக்கு முன் ஒரு கோழிப் பண்ணைக் கொட்டகையில் கிடந்தது. முட்டை வாங்கப் போனவள் முட்டையை மறந்துவிட்டு, வண்டியை இரண்டு சாக்கிலும் ஒரு தகர டின்னிலுமாக அள்ளிக்கொண்டு வந்தாள். அவள் தம்பி வெல்டர். அவன் சட்டகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது வண்டி இல்ல. கோழி உக்கார்ற கம்பி" என்றான்.

"சரி. அந்த எச்சத்த மட்டும் சொரண்டிக் குடு" என்றாள்.

ட்ரையல்ஸ் என்று பெயர் கொண்ட இந்தப் போட்டி வேகப் பந்தயம் இல்லை. மனிதன் நடக்கவே யோசிக்கும் பாறைச் சரிவிலும் ஓடையிலும் கயிறு கட்டி வழி போட்டிருப்பார்கள். அந்த வழியில் கால் ஊன்றாமல் வண்டியை ஓட்டிப் போய்ச் சேர வேண்டும். ஒரு தடவை கால் பட்டால் ஒரு புள்ளி, இரண்டு தடவை பட்டால் இரண்டு, அதற்குமேல் எத்தனை பட்டாலும் மூன்று. விழுந்தாலோ நின்றுபோனாலோ ஐந்து. யாருக்குப் புள்ளி குறைவோ அவர் ஜெயித்தவர். பழைய வண்டிகளுக்குத் தனி வகுப்பு உண்டு. மேம்படுத்தலாம், ஆனால் சட்டகமும் எஞ்சினும் அந்தக் காலத்துப் பழசாகவே இருக்க வேண்டும். இந்தக் காலத்து வண்டிகளில் வரும் எண்ணெய் அழுத்தக் கிளட்ச், டிஸ்க் பிரேக் எதுவும் கூடாது.

துணி துவைக்கும் அறையிலிருந்து வாஷிங் மெஷின் தாழ்வாரத்துக்குக் குடிபெயர்ந்தது, அந்த இடத்தில் வண்டி குடியேறியது. பத்து உதை கேட்டுக்கொண்டிருந்த எஞ்சினுக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தாள். இப்போது ஒரே உதை. கால் வைக்கும் கட்டைகளை இரண்டு விரல் கீழே, மூன்று விரல் பின்னே தள்ளினாள். பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினாள். முதல் கியரில் வண்டி நடைபழகும் குழந்தையைவிட மெதுவாகப் போகும், ஆனால் எதிரே சுவர் வந்தாலும் தள்ளும். டயரில் காற்று பேருக்குத்தான். "என் பஸ் டயர் இப்படி இருந்தா என்னய வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க" என்றார் கணவர். "பாறையப் பிடிச்சுக்கணுமில்ல. கல்லு மாதிரி இருந்தா எப்படிப் பிடிக்கும்?" என்றாள் அவள்.

தம்பி பற்றவைத்த இடங்களை அவள் சோதித்த விதத்தைக் கணவர் இன்றும் பஸ் நிறுத்தத்தில் மற்ற டிரைவர்களிடம் சொல்லுவார். சட்டகத்தைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு ஸ்பூனால் தட்டிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் நின்றாள். மறுபடி தட்டினாள். "இங்க ஏதோ இருக்கு."

அவர் காதுக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். "ஆஸ்பத்திரியில வச்சு ஒரு படம் எடுத்துப் பாத்துட வேண்டியதுதானே?"

"அது நோயாளிங்களுக்கு."

மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து அந்த இடத்தில் தேய்த்தாள். கொஞ்ச நேரம் விட்டு, பளிச்சென்று துடைத்தாள். அதன்மேல் சாக்பீஸ் தூளைப் பூசிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு காபி குடிக்கும் நேரம் போயிருக்கும். வெள்ளைத் தூளில் முடி போல் ஒரு கறுப்புக் கோடு தானாக எழுதிக்கொண்டு வந்தது. விரிசலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் வெளியே கசிந்து வரைந்த கோடு. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, அவள் தட்டிக்காட்டிய அதே இடம். தம்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பற்றவைத்தான்.

விரிசல் அவள் உடம்பிலும் வந்தது. போன வருடம் இடது கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கியது. எலும்பு டாக்டர் படம் எடுக்கச் சொன்னார். தன் கையைத் தானே வைத்துத் தானே படம் எடுத்து, டாக்டர் பார்ப்பதற்கு முன் தானே படித்தும் விட்டாள். "இடைவெளியே இல்ல. எலும்பும் எலும்பும் உரசுது" என்று வீட்டில் வந்து சொன்னாள், யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல. வண்டியை விற்றுவிடச் சொன்னாராம் டாக்டர்.

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

கணவருக்குப் புரிந்துபோயிற்று. அன்றைக்குச் சாயங்காலமே அவள் கிளட்ச்சைப் பிரித்துப் போட்டாள்.

கிளட்ச் இடது கைப் பிடி. ஒரு பாறை ஏறி இறங்குவதற்குள் அதை முப்பது தடவை பிடித்துவிட வேண்டும், ஒவ்வொன்றும் மயிரிழைக் கணக்கு. பிடியில் கொக்கித் தராசை மாட்டி இழுத்தால் பதினொரு கிலோ காட்டியது. அந்தக் கட்டைவிரலுக்குப் பதினொரு கிலோ என்பது நடக்காத காரியம். கேபிளின் மறுமுனையில், எஞ்சின் பக்கத்து நெம்புகோலை நீளமாக்கினால் பிடி லேசாகும். ஆனால் லேசாகும் அளவுக்கு உள்ளே கிளட்ச் தட்டுகள் விலகும் தூரம் குறையும்; அவை சரியாகப் பிரியாமல் வண்டி திமிறும். ஆகவே தட்டுகள் கொஞ்சமும் கோணாமல் விலக வேண்டும். தட்டுகளை அழுத்தும் ஆறு ஸ்பிரிங்குகளையும் கால் திருகு, அரைத் திருகு என்று மாற்றி மாற்றிப் பூட்டினாள். கேபிளுக்கு வளைவில்லாத புது வழி கண்டுபிடித்தாள். பதினான்கு தடவை பிரித்தாள், பதினான்கு தடவை பூட்டினாள். ஒவ்வொரு தடவையும் கணவர் தராசைப் படித்துச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாவது தடவை முள் ஆறில் நின்றது. இது இறங்கவே இறங்காது என்றுதான் அதுவரை நம்பியிருந்தார், வேண்டியும் இருந்தார். எட்டு என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. எட்டு என்றால் ஒருவேளை விட்டுவிடுவாள். விரல் பிழைக்கும், தன் நிம்மதியும் பிழைக்கும். அவள் தராசைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை. நோட்டைத் திறந்து, பென்சிலைப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லப்போவதை எழுதக் காத்திருந்தாள்.

"ஆறு" என்றார்.

எழுதிக்கொண்டாள். பதினான்காவது தடவை நாலே முக்கால்.

போட்டியன்று காலையில் வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி அந்தப் பிடியை இழுத்தார். விட்டார். மறுபடி ஒரே விரலால் இழுத்தார். குனிந்து எஞ்சினுக்கு அடியில் பார்த்தார். இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டு அவரையும் இழுக்கச் சொன்னார்.

"எண்ணெய்க் கிளட்ச்ச எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒளிக்கல சார். கொஞ்சம் நீளமாக்கினேன், கொஞ்சம் நேராக்கினேன். அவ்ளோதான்."

இரண்டு பேரும் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். முதலாமவர் சோதனைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டும் போகவில்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கு அவள் வகுப்பில் நான்காவதாக வந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். மூன்றாவதாக வந்தவர், நாள் முழுக்க ஒவ்வொரு பாறையிலும் அவளுக்கு அடுத்த ஆளாக ஏறிய மாட்டு டாக்டர். இருவருக்கும் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. ஆனால் பார்த்தவர்கள் பேசிக்கொண்டு போனது ஏழாவது பாறையைப் பற்றித்தான்.

அது ஓடைக்குள் இருந்தது. தொடை உயரத்துக்கு ஒரு படி, பாசி பிடித்தது. அதன் தலையில் ஏறியதும் ஒரு வேரைச் சுற்றித் திரும்ப வேண்டும். அவளுக்கு முன்னால் பதினொரு பேர் போயிருந்தார்கள். ஒருவர்கூடச் சுத்தமாக ஏறவில்லை. மூன்று பேர் தண்ணீரில் விழுந்தார்கள். கணவர் கயிற்றுக்கு வெளியே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் உட்காரவில்லை, கட்டைகளின் மேல் நின்றபடி வந்தாள். வண்டி நகர்கிறதா நின்றுவிட்டதா என்று சந்தேகம் வரும் வேகம். எஞ்சின் இருமுவதுபோல் ஒவ்வொரு அடியாக வெடித்தது. கிளட்ச் மேல் ஒரே ஒரு விரல். கட்டைவிரல் எதையும் பிடிக்காமல் சும்மா தள்ளி நின்றது. படிக்கு ஒரு சாண் முன்னால் கிளட்ச் விரல் விட்டது. முன்சக்கரம் எழும்பி மேலே போய் உட்கார்ந்தது. பின்சக்கரம் படியைக் கவ்வி ஏறும்போது அதன் அடியிலிருந்த கல் பெயர்ந்து தண்ணீரில் உருண்டது. வண்டி ஒருக்களித்தது. அவள் இடது கால் கட்டையை விட்டு வெளியே வந்து அந்தரத்தில் தொங்கியது. நடுவர் குனிந்து, பாதத்துக்கும் பாறைக்கும் நடுவே கண்ணை வைத்தார். இரண்டு விரல் இடைவெளி இருக்கும். கிளட்ச் விரல் மறுபடி பிடித்தது, விட்டது, பிடித்தது. வண்டி தானாக நிமிர்ந்ததுபோல் நிமிர்ந்தது. கால் கட்டைக்குத் திரும்பியது. வேரைச் சுற்றி, கயிற்றைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

நடுவர் மூடிய முஷ்டியைத் தலைக்குமேல் தூக்கினார். பூஜ்யம். இருபத்தாறு வருடம் பிரேக்கையே நம்பி வாழ்ந்த மனிதர் வாயைத் திறந்தபடி நின்றார். தன் வீட்டுத் துணி துவைக்கும் அறையிலிருந்து இப்படி ஒன்று புறப்பட்டு வந்திருக்கிறது என்று அவரால் நம்ப முடியவில்லை.

கீழே மாட்டு டாக்டர் எஞ்சினை முறுக்கிக்கொண்டு தன் முறைக்குத் தயாரானார். அவள் வண்டியை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடைக்குள் இறங்கிவந்தாள். ஒரு நிமிடம் பொறுக்கும்படி அவருக்குக் கை காட்டினாள். கணுக்கால் தண்ணீரில் குனிந்து, தன் சக்கரம் பெயர்த்துத் தள்ளிய கல்லைத் தேடி எடுத்தாள். இடது கையால் பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டால் அணைத்துத் தூக்கி, படியின் அடியில் அது முன்பு இருந்த பள்ளத்திலேயே பொருத்தினாள். குதிகாலால் இரண்டு தடவை மிதித்து, ஆடவில்லை என்று பார்த்துக்கொண்டு, கயிற்றோரமாக ஒதுங்கி அவருக்கு வழி விட்டாள்.