பாதி நீக்கிய ஆன்டிவைரஸ்

என் கணவர் அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவர். அதனால் கொண்டாப்பூரில் எங்கள் வீட்டு லேப்டாப்பை நான் தொட்டாலே கெட்டுவிடும் என்பது சட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏற்ற உட்கார்ந்தார். பழைய ஆன்டிவைரஸை நீக்கினால்தான் ஏறுவேன் என்று அது பாதியில் நின்றது.

“அதைப் போன வருஷமே தூக்கிட்டேனே!” என்று திரையோடு சண்டை போட்டார். தூக்கிய அழகு எனக்குத் தெரியும். முறையாக அன்இன்ஸ்டால் செய்யப் பொறுமையில்லாமல் அதன் ஃபோல்டரை மட்டும் அழித்திருந்தார். பெயர்ப்பலகையைக் கழற்றினால் குடியிருப்பவர் காலி செய்துவிடுவார் என்று நம்பும் புத்தி. அந்த ஆன்டிவைரஸும் லேசுப்பட்டதல்ல. உயிரோடு இருந்தபோது ஜெராக்ஸ் கடைப் பென்டிரைவில் வந்த வைரஸை உள்ளே உட்காரவைத்துவிட்டு, செத்தபிறகு வாசலை மறித்தது.

நான் போனில் தேடினேன். “அதையே திரும்ப இன்ஸ்டால் பண்ணிட்டு, அப்புறம் முறையா நீக்கணுமாம்” என்றேன்.

“நக்கோ, வேணாம், உனக்கு இதெல்லாம் புரியாது.”

சாயங்காலம் வரை முட்டிமோதிவிட்டு, நான் சொன்னதையே செய்தார். புதுசு ஏறிவிட்டது.

மறுநாள் மலர்ந்த முகத்தோடு வந்தார். “இன்னைக்கு கிளாஸ்ல இதைத்தான் எடுத்தேன். பசங்க கைதட்டினாங்க.”

“யாரு கண்டுபிடிச்சதுன்னு சொன்னீங்களா?”

“அதெல்லாம் எதுக்கு?”

ஓர் ஆன்டிவைரஸை முழுசாக நீக்கத் தெரியாத மனிதர், அந்தப் பாடத்திலிருந்து என்னை மட்டும் சுவடே இல்லாமல் நீக்கியிருந்தார்.