சிலுவை காது வைத்து எடுத்த லேப்டாப்

என் தங்கச்சி புருஷன் சிலுவைக்கு முட்டம் கடற்கரையில் ஒரு பட்டறை இருக்கிறது. பட்டறை என்றால் நாலு தூணும் ஒரு தகரக் கூரையும்தான். கரையில் உள்ள வள்ளங்களின் எஞ்சின்கள் மக்கர் செய்தால் அங்கேதான் வரும். சிலுவை நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றின் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடுவார். பிறகு, இன்ன இடத்தில் கோளாறு என்பார். கழற்றிப் பார்த்தால் அங்கேதான் இருக்கும். ஒரு தடவை ஒரு வள்ளக்காரர் அவர் பேச்சைத் தட்டிவிட்டுக் கடலுக்குப் போனார். எஞ்சின் நின்று, இரண்டு நாள் நீரோட்டத்தில் கிடந்து, வேறொரு வள்ளம் கட்டி இழுத்து வந்தது. அதற்குப் பிறகு கரையில் சிலுவையின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. வீட்டிலும் கிடையாது.

அவருடைய மகள் அஜிஷாவுக்குப் போன வருஷம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் இடம் கிடைத்தது. படங்களைக் கம்ப்யூட்டரில்தான் வரைய வேண்டும், ஆளுக்கொரு லேப்டாப் வேண்டும் என்று காலேஜில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று பத்து வரி. சிலுவை சொந்தமாக வைத்திருந்த ஒரே எஞ்சினை விற்றார். அதை விட்டால் விற்க வேறொன்றும் இல்லை.

"நீரு படிச்ச ஆளு, கூட வாரும்" என்று என்னையும் கோட்டாற்றில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்கு அழைத்தார். நான் பள்ளிக்கூடத்தில் கிளார்க். வருகைப் பதிவேட்டைத் தவிர எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இருந்தாலும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

கடையில் இருந்த பெண் தாளை ஒழுங்காகப் படித்துவிட்டு, தடியான ஒரு லேப்டாப்பை முன்னால் வைத்தாள். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது போல. உள்ளே காற்றாடி இரைந்தது. சிலுவை அதன் அடியில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து காதை வைத்தார். கடையில் இருந்தவர்கள் சிரித்ததை அவர் கவனிக்கவில்லை.

"சும்மா நிக்கும்போதே இந்தச் சூடா? இந்த இரைச்சலா?"

பக்கத்தில் மெலிதாக இன்னொன்று இருந்தது. விலை ஏறக்குறைய அதேதான். அதிலும் காதை வைத்தார். சத்தமே இல்லை, சூடும் இல்லை. ஒரு தடவை சார்ஜ் போட்டால் பகல் முழுக்க ஓடும் என்று எழுதி ஒட்டியிருந்தது.

"குறைச்சுக் குடிச்சு நெறைய ஓடுது. இதாக்கும் சாதனம்" என்றார்.

"அண்ணா, இது எழுதப் படிக்கப் போதும். மெக்கானிக்கல் படம் இதுல ஓடாது" என்றாள் அந்தப் பெண்.

"நான் முப்பது வருசமா மெக்கானிக்கல்தான் பிள்ளே."

அஜிஷா தாளை நீட்டி, "அப்பா, இதுல போட்டிருக்கது..." என்று ஆரம்பித்தாள். அவர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். சிலுவை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பதினைந்து நாளில் அவள் எனக்குப் போன் செய்தாள். படம் வரைகிற சாப்ட்வேர் அதில் ஏறவே மாட்டேன் என்கிறதாம். பெட்டியைப் பிரித்த பிறகு கடையிலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். நான் சிலுவையிடம் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாம் மாமா. அப்பாக்கு உள்ளது அந்தக் காது ஒண்ணுதான்."

அப்படியே ஒரு வருஷம் ஓட்டினாள். தோழிகளின் லேப்டாப்புக்குக் காத்திருப்பாள். அவர்கள் வரைந்து முடித்து இவள் கைக்கு வரும்போது படம் கொடுக்க வேண்டிய நாள் கடந்திருக்கும். படம் வரைகிற பாடத்தில் இரண்டு தடவை தோற்றாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால், "எப்பிடி ஓடுது?" என்பார் சிலுவை. "நல்லா ஓடுதுப்பா" என்பாள். அவர் அதைக் கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார்.

ஒரு சனிக்கிழமை பட்டறைக்கு ஏசுஅடிமை வந்தார். வள்ளத்தில் கூலிக்குப் போகிறவர். அவர் மகன் சிஜோவுக்கும் இன்ஜினியரிங் கிடைத்திருந்தது. சிலுவை கையால் ஒரு லேப்டாப் எடுத்துத் தர வேண்டும் என்று மனைவியின் தாலிச் சங்கிலியை விற்றுவிட்டு வந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"திங்கக்கிழமை போவோம். அதே சாதனம் எடுத்திரலாம்" என்ற சிலுவை, மகளைக் கூப்பிட்டார். "ஏட்டி, எப்பிடி ஓடுதுன்னு ஏசுஅடிமை மாமாக்குச் சொல்லு."

அஜிஷா ஏசுஅடிமையின் கையில் இருந்த பணப்பொட்டலத்தைப் பார்த்தாள்.

"ஓடாதுப்பா."

"எது?"

"படம் வரையது அதுல ஓடாது. மொதல் நாள்லேருந்தே ஓடல்ல. நான் ரெண்டு தடவை தோத்தாச்சு."

ஏசுஅடிமை எழுந்து, "செரி மக்கா, பொறவு பாப்போம்" என்று போய்விட்டார். சாயங்காலத்துக்குள் கரைக்கே தெரிந்துவிட்டது.

சிலுவை கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தக் கடைப்பிள்ளை சொன்னது செரின்னு ஒனக்கு அப்பமே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றாள். "பொறவு ஏன் வாயத் தொறக்காம, மிண்டாம நின்ன?" என் பக்கம் திரும்பினார். "நீரும் மிண்டல்லியே மச்சான்."

லேப்டாப் இப்போது அலமாரியில் இருக்கிறது. அஜிஷா அந்தப் பாடத்தை மூன்றாவது தடவை எழுதப் போகிறாள், இரவல் லேப்டாப்பை நம்பி. இதிலும் போனால் படிப்பை நிறுத்திவிட்டு நாகர்கோவிலில் ஏதாவது ஜவுளிக்கடையில் சேர்வதாகச் சொல்கிறாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பட்டறைக்கு வருகிற எஞ்சின்களும் குறைந்துவிட்டன. யாரும் அவரைக் குறை சொல்லிப் போகவில்லை. அவரே இப்போது காதை எடுத்துவிட்டு, "ஒனக்கு என்ன தோணுது?" என்று வள்ளக்காரர்களிடம் கேட்கிறார். அப்படிக் கேட்கிறவரை நம்பி யார் கடலுக்குப் போவார்கள்?

போன வாரம் நான் போனபோது ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சிலுவை ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்து வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு கைப்பிடியை என்னிடம் நீட்டினார்.

"மச்சான், நீரு கேட்டுச் சொல்லும். சத்தம் செரியாத்தானே இருக்கு?"

வாங்கிக் காதில் வைத்தேன். எனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன்.