மிசாவோ தேர்ந்தெடுத்த ரைஃபிள்

பத்து வருஷம் ஷாட்கன் வைத்திருந்து, அதில் ஒரு புகார்கூட வராமல் இருந்தால்தான் ரைஃபிளுக்கு மனுப் போடலாம். எங்கள் நாட்டுச் சட்டம் அப்படி. குவாபாரா மிசாவோவுக்கு அந்தப் பத்து வருஷம் முடிந்தது செப்டம்பர் கடைசியில். அதே வாரம்தான் ஒகிதானியின் மாட்டுப் பண்ணையில் முதல் கன்றுக்குட்டி காணாமல் போனது.

நான் உரிபெட்சு ஊர் அலுவலகத்தில் வேளாண் பிரிவில் இருந்தேன். பெயர் ஹதோரி. மான் மேய்ந்த கிழங்கு வயல், கரடி கிழித்த தீவன மூட்டை எல்லாவற்றுக்கும் படிவம் நிரப்புவது என் வேலை. வேட்டைக்காரர் சங்கத்துக்குப் போன் போடுவதும் நான்தான். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அந்த வருஷம் மொத்தம் நாலு பேர். ரைஃபிள் வைத்திருந்தது தலைவர் இமாசெகி மட்டும். கூரை வேய்கிற காண்டிராக்டர், அறுபத்தொரு வயது, குரல் பெரிது.

மிசாவோ பால் டேங்கர் ஓட்டுகிற பெண். ஐம்பத்திரண்டு வயது. உயரம் ஐந்தடிதான். முதுகுக்குப் பின்னால் மெத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய வண்டியை ஓட்டுவார். பல வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் வண்டியில் ஒரு பெண் மான் மோதிவிட்டது. முதுகெலும்பு முறிந்து, முன்கால்களால் மட்டும் எழுந்து எழுந்து விழுந்ததாம். துப்பாக்கிக்காரர் வந்து சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷமும் மிசாவோ அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மறு மாதம் துப்பாக்கி உரிமத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தார். என்னிடம் இதை ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார்.

கன்று காணாமல் போன மறுநாள் இரண்டு பேரும் என் மேசைக்கு வந்தார்கள். சேற்றில் பதிந்த முன்கால் தடத்தை இமாசெகி அளந்திருந்தார். பதினெட்டு சென்டிமீட்டர். நல்ல ஆண் கரடி.

"இனி யோசிக்காதீங்க, மிசாவோ-சான். முன்னூறு மேக்னம் ரைஃபிள் வாங்குங்க, என்னோடது மாதிரி. கனமான குழல், பெரிய தொலைநோக்கி. புல்வெளி ஓரத்துல படுத்துக்கிட்டு, மேல சரிவுல நிக்கிறத இங்கிருந்தே சாய்ச்சிடலாம். அது நம்ம முகத்தைக்கூடப் பாக்காது."

"அது பாக்க வேணாம். நான் அதைப் பாக்கணும்ல?"

"எதுக்கு? சம்பந்தம் பேசப் போறீங்களா?"

அலுவலகமே சிரித்தது. மிசாவோவும் சிரித்தார்.

அக்டோபர் முதல் வாரம் எனக்கு குஷிரோ நகரத்தில் ஒரு கூட்டம் இருந்தது. மிசாவோவையும் அவர் கணவர் யசுஹெய்யையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். யசுஹெய் பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறவர், வாய் ஓயாது. துப்பாக்கிக் கடைக்காரர் முனெதா அதற்கு நேரெதிர். எந்த ரகம் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

"நவம்பர்ல மலைக்குப் போற கோட்டு கொண்டு வந்திருக்கீங்களா? கையுறை? போட்டுக்கங்க."

மிசாவோ போட்டுக்கொண்டார். முனெதா மேக்னம் ஒன்றை அவர் கையில் கொடுத்து, "கண்ண மூடிக்கிட்டுத் தோள்ல வைங்க. இப்பத் திறங்க" என்றார்.

தோளில் பதிகிற கட்டை நீளம். குழல் கனம். கழுத்தை நீட்டித்தான் தொலைநோக்கிக்குள் பார்க்க முடிந்தது. மூன்று மூச்சுக்குள் குழல் கீழே இறங்க ஆரம்பித்தது.

"இப்படியே சுட்டா இது குடுக்கிற உதையில தொலைநோக்கி விளிம்பு வந்து புருவத்த வெட்டும்" என்றார் முனெதா. "ஒரு தடவை வெட்டுச்சுன்னா அப்புறம் ஒவ்வொரு தடவையும் விசைய அழுத்துறதுக்கு முன்னாடியே கண்ணு தானா மூடிக்கும்."

"ஏற்கெனவே என்னைப் பாத்தா ஒரு புருவம் மேலதான் இருக்கும்" என்றார் யசுஹெய். "இன்னொண்ணையும் ஏத்தி விட்ராதீங்க."

முனெதா சிரிக்கவில்லை. "இதுவரைக்கும் அதிகபட்சம் எவ்வளவு தூரத்துல சுட்டிருக்கீங்க?"

"எண்பது மீட்டர்."

"எத்தனை தப்பிச்சு ஓடுச்சு?"

"ஒண்ணும் ஓடல. எண்பதுக்கு மேல இருந்தா நான் சுட மாட்டேன்."

அப்போதுதான் முனெதா அவரை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போய் வேறொரு ரைஃபிளை எடுத்து வந்தார். முப்பது-பூஜ்யம்-ஆறு ரகம். அதைவிடச் சின்னது, ஒரு கிலோ குறைவு.

"அந்தப் பெரிசு முன்னூறு மீட்டர்ல காகிதத்துல பிசகாது. நான் பொய் சொல்லல. ஆனா கரடி காகிதம் இல்ல. நீங்க விசைய அழுத்துன பிறகு அது தலையத் திருப்பும். அப்புறம் அது நின்ன இடத்துக்கு நீங்க முன்னூறு மீட்டர் நடந்து போகணும். அங்க அது இருக்காது. எங்க இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க எங்கன்னு அதுக்குத் தெரியும்."



மிசாவோ போலித் தோட்டாக்களைக் கேட்டு வாங்கினார். கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல், கையுறையோடு, அடுத்த தோட்டாவை ஏற்றுகிற போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கினார். நாற்பது முறைக்கு மேல் செய்திருப்பார். ஏழாவது முறை கையுறை தொலைநோக்கியில் உரசியது. "இதைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி வைக்க முடியுமா?" என்று கேட்டார். தோட்டாப் பெட்டி கழற்றி மாட்டுவதாக இருந்தால் பனியில் விழுந்து தொலையும், துப்பாக்கியோடு சேர்ந்தே இருப்பது போதும் என்றார். விசை கொஞ்சம் கடினமாகவே இருக்கட்டும், குளிரில் விரல் மரத்துப்போகும் என்றார். பக்கத்தில் இருப்பதும் பெரிதாகாமல் தெரிய, தொலைநோக்கி ஒரு மடங்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். நூறு மீட்டரில் இது எப்படி என்று கடைசியாகத்தான் கேட்டார். முனெதா ஒரு இலக்குத் தாளை எடுத்துக் காட்டினார். மூன்று ஓட்டைகளும் ஒரு கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கியிருந்தன.

"கட்டையில ரெண்டு விரக்கடை அறுத்துடுங்க" என்றார் மிசாவோ. அவ்வளவுதான், முடிந்தது.

ஆனால் துப்பாக்கி கைக்கு வரவில்லை. எந்தத் துப்பாக்கி என்று வரிசை எண் வரை எழுதித்தான் போலீசுக்கு மனுப் போட வேண்டும். அனுமதி வரும்வரை அது கடைக்காரரின் பெட்டியிலேயே இருக்கும். காவலர் ஒருவர் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்தார். குடிப்பாரா, கோபம் வருமா, கணவரோடு சண்டை உண்டா.

விஷயம் இமாசெகி காதுக்குப் போனது. "எண்பது மீட்டருக்கு எதுக்கு ரைஃபிள்? ஒரு ஈட்டி வாங்கியிருக்கலாமே!"

அக்டோபர் கடைசிக்குள் இன்னும் இரண்டு கன்றுகள் போயின. ஒகிதானியின் நாய் கூண்டைவிட்டு வெளியே வர மறுத்தது. சோற்றுத் தட்டை உள்ளே தள்ளிவிட வேண்டியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றவர்களே வண்டியில் கூட்டிப் போனார்கள். இமாசெகி மூன்று நாளாகப் புல்வெளி ஓரத்தில் காத்துக் கிடந்தார்.

இருபத்தொன்பதாம் தேதி. பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லி ஊர் ஒலிபெருக்கியில் நாலரை மணிக்கு ஒரு மெட்டுப் போடுவார்கள். அந்த மெட்டு ஓய்ந்து சில நிமிஷம் கழித்து மலைப்பக்கம் ஒரு வெடி கேட்டது. ஒரே வெடி. அன்று சூரியன் மறைந்தது நாலு இருபத்தொன்றுக்கு. சூரியன் மறைந்தபின் சுடக் கூடாது. சுட்டால் உரிமம் போய்விடும்.

ஐந்தரைக்கு இமாசெகி வந்தார். பூட்ஸில் சேறு இல்லை, கரடி நின்ற இடத்துக்கு நடந்து போன அடையாளமே இல்லை.

"நாலு பத்துக்குச் சுட்டேன். இருநூத்தி எண்பது மீட்டர். தப்பிடுச்சு. எழுதிக்க."

நான் எழுதினேன். கை தயங்கக்கூட இல்லை. ஊரில் இருந்த ஒரே ரைஃபிள் அவருடையது என்பதுதான் அப்போது என் மனதில் ஓடியது.

மூன்று நாள் கழித்து மிசாவோ டேங்கரை அலுவலக வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஒரு கைக்குட்டையை என் மேசையில் விரித்தார். உள்ளே மஞ்சள் பல் ஒன்று. அதன் வேரோடு தாடை எலும்பின் ஒரு சில்லு.

"அன்னிக்குக் கரடி நின்ன இடத்துல, மூங்கில் புதருக்குள்ள கிடந்துச்சு. ரத்தம் அங்கிருந்து மேல போயிருக்கு. தப்பிடுச்சுன்னு எழுதியிருக்கீங்களாமே?"

"இமாசெகி-சான் அப்படித்தான் சொன்னார்."

"மெட்டு முடிஞ்ச பிறகுதானே வெடி கேட்டுச்சு? நான் அப்ப ஒகிதானி கொட்டகையில பால் குழாய் மாட்டிக்கிட்டிருந்தேன். நீங்க இங்க உக்காந்திருந்தீங்க."

"அவரோட உரிமம் போயிடும், மிசாவோ-சான். அப்புறம் ஊர்ல யார் இருக்கா?" என்றேன்.

"சரி. இப்ப மலையில தாடை உடைஞ்ச கரடி ஒண்ணு இருக்கு. விறகுக்குப் போறவங்களுக்குத் தெரியாது. அது உங்களுக்குப் பரவாயில்லையா?"

அன்று மாலை காட்டுச் சாலையின் குறுக்கே சங்கிலி கட்டினேன். பலகையில் எழுதியது: சாலைப் பழுது. உண்மையை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

இமாசெகி பல்லைப் பார்த்துவிட்டு, "எந்தக் காலத்துப் பல்லோ" என்றார். ஆனால் மறுநாள் மிசாவோவோடு மலையேறினார். மிசாவோ கையில் பழைய ஷாட்கன். ரத்தத் தடம் ஆளுயர மூங்கில் புதருக்குள் போய் மறைந்தது. ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத இடம். காற்று அவர்கள் முதுகிலிருந்து அடித்தது, கரடிக்கு அவர்கள் வாசனை எட்டியிருக்கும். இமாசெகி அங்கேயே நின்றுவிட்டாராம். "திரும்பிடலாம்" என்று மெல்லச் சொன்னாராம். அவர் மெல்லப் பேசி மிசாவோ கேட்டது அதுதான் முதல் முறை.

அதன்பின் கன்றுகள் எதுவும் போகவில்லை. ஊர் நிம்மதியானது. மிசாவோவுக்குத்தான் அது நிம்மதியாக இல்லை. "கடிக்க முடியல, அதான்" என்றார். நவம்பர் நடுவில் மற்றக் கரடிகள் கொழுத்துக் குளிர்காலத் தூக்கத்துக்குப் போகும். இது இலைக் குவியலைக் கிளறியது. கொட்டகைகளுக்குப் பின்னால் தீவன மூட்டைகளில் இளஞ்சிவப்பு எச்சில் உறைந்து கிடந்தது. தடங்கள் நாளுக்கு நாள் வீடுகளுக்கு இன்னும் பக்கத்தில் வந்தன. ஒரு காலை ஒகிதானியின் மனைவி ஜன்னல் கண்ணாடியில், வெளிப்பக்கம், தலை உயரத்தில் ஒரு ஈரத் தீற்றலைப் பார்த்தார்.

நவம்பர் பதினான்காம் தேதி அனுமதி வந்தது. மிசாவோ விடுப்புப் போட்டு குஷிரோவுக்குப் போனார். துப்பாக்கியை வாங்கி, சுடுதளத்தில் இருபது தோட்டா சுட்டுச் சரிபார்த்தார். மறுநாள் காவல் நிலையத்தில் காட்டி முத்திரை வாங்கினார்.

பதினாறாம் தேதி காலை ஏழரைக்கு ஒகிதானி போன் செய்தார். "சோளத் தீவனக் குழியில நிக்குது. எம் பொண்டாட்டி கொட்டகைக்குள்ள இருக்கா."

நான் போய்ச் சேர்ந்தபோது இமாசெகி இருநூறு மீட்டரில் வண்டி ஓரம் படுத்துக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். சுடவில்லை. சுட முடியாது. கரடிக்கு நேர் பின்னால் பலகைக் கொட்டகை. உள்ளே நாற்பது மாடுகளும் ஒரு பெண்ணும்.

புது ரைஃபிளோடு வந்திருந்த மிசாவோ அவரைக் கடந்து நடந்தார். குழியைச் சுற்றி வந்து, கரடிக்குப் பின்னால் மண் மேடு இருக்கிற பக்கமாக நின்றார். அங்கிருந்து கரடி இருபத்தைந்து மீட்டர். நான் வேலிக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். அது புளித்த சோளச் சாற்றில் முகத்தைப் புதைத்திருந்தது. விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. மிசாவோ போல்ட்டைத் தள்ளிய சத்தத்தில் தலையைத் தூக்கியது. கீழ்த்தாடை ஒரு பக்கம் இல்லை. கறுத்த நாக்கு வெளியே தொங்கியது.

அது உறுமவில்லை. சத்தமே இல்லாமல் அவரை நோக்கி ஓடி வந்தது.

முதல் குண்டு மார்பில். கரடி நிற்கவில்லை. அவர் கன்னம் கட்டையிலிருந்து நகரவில்லை, கை மட்டும் ஒரு முறை அசைந்தது. இரண்டாவது குண்டில் முன்கால்கள் மடிந்தன. மூன்றாவதை அது விழுந்த பிறகு காதுக்குப் பின்னால் போட்டார். பிறகு நான் அடி வைத்து அளந்தேன். அவர் பூட்ஸுக்கும் அதன் மூக்குக்கும் நடுவே ஏழு அடி.

இமாசெகி மெல்ல நடந்து வந்து தாடையைப் பார்த்தார். குழியின் சிமெண்ட் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"ஹதோரி-சான்," என்றார் மிசாவோ. "இன்னிக்கு நடந்ததை எழுதுறப்ப, அன்னிக்கு நடந்ததையும் எழுதுங்க."

இமாசெகி நிமிராமலே, "எழுதுப்பா" என்றார்.

எழுதினேன். நாலு பத்தை அடித்துவிட்டு நாலு முப்பத்தாறு என்று போட்டேன். இமாசெகிக்கு ரைஃபிளும் போயிற்று, ஷாட்கன்னும் போயிற்று. என்னைக் குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஊரில் பாதிப் பேர் மிசாவோ தலைவரைக் காட்டிக்கொடுத்துவிட்டதாகப் பேசினார்கள். சங்கத்தில் மீதமிருந்த இரண்டு பேரில் ஒருவர் அவரோடு மலைக்குப் போக மறுத்துவிட்டார்.

"அவ ரெண்டு நாளா சாப்பிடல" என்று யசுஹெய் அந்த வாரம் என்னிடம் சொன்னார். அன்று அவர் வேடிக்கை எதுவும் பேசவில்லை. "அது கோவத்துல வந்துச்சா, பசியில வந்துச்சான்னு கேக்கிறா. நான் என்னத்தச் சொல்ல?"

இந்த ஏப்ரலில் பனி உருகியதும் காட்டுச் சாலையில் மூன்று புதுக் கரடித் தடங்கள் தெரிந்தன. வேளாண் பிரிவில் எனக்குப் பதிலாக வந்த பெண் யாருக்குப் போன் போடுவது என்று என்னிடம் கேட்டாள். ஒரே ஒரு எண்தான் கொடுக்க முடிந்தது. அந்நேரம் மிசாவோ டேங்கரில் இருந்தார். வேலை முடிந்து நாலு மணிக்குத்தான் மலைக்கு வர முடியும் என்றார். அதுவரை யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம், பலகையில் கரடி என்றே எழுதிப் போடுங்கள் என்றார்.