ரத்னாவின் சீட்டில் நான் எழுதியது

கல்லூரி ஆய்வகத்தில் நான் முதன்முதலாக எடை பார்த்த தராசில், இரும்புக் குண்டு கம்பிமேல் ஊர்ந்துபோய் ‘டக்’கென்று ஒரு பள்ளத்தில் உட்காரும். ஐம்பது வருடமாகக் காதில் இருக்கும் அந்தச் சத்தம் ஒரு தீர்ப்பு என்று அன்று தெரியவில்லை. உணவு ஆலோசகர் வேலை என்பது அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குவது. சொந்தக்காரர்கள் அதை இலவசமாகவே செய்வார்கள். “கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடேன்” என்று கேட்டுக் கேட்டு நொந்தவர்களே, இது உங்களுக்குத்தான்.

ஓர் உருண்டை

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். பயிற்சி முடித்த பெண்களில் எடை கூடியவர்களை மூன்று மாதம் என்னிடம் அனுப்புவார்கள். எடை குறையாவிட்டாலும் பரவாயில்லை. கடைசியில் தரும் சீட்டில் ‘ஒத்துழைத்தார்’ என்று நான் எழுதினால் வேலை நிரந்தரம்.

வேப்பனப்பள்ளியிலிருந்து வந்த ரத்னாவுக்கு இருபத்திரண்டு வயது, எண்பத்தொன்பது கிலோ. மதியம் ஒரு களி உருண்டை, கீரைக் குழம்பு, அவ்வளவுதான் என்றாள். நான் நம்பவில்லை. அவள் தட்டைக் கவனித்துச் சொல்லும்படி கேன்டீன் மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டேன். பத்து நாள் கழித்து அவர் வந்தார்.

“அந்தப் பொண்ணு ரெண்டாவது உருண்டைக்குக் கை நீட்டுனதே இல்லைங்க மேடம். ரெண்டாவது வடை கேட்டது நீங்கதான்.”

அரை உருண்டை

கேன்டீனில் சாப்பிடாததை ஹாஸ்டலில் சாப்பிடுகிறாள் என்று முடிவுகட்டினேன். எல்லாவற்றையும் பாதியாக்கச் சொன்னேன். ஆக்கினாள். மூன்றாவது வாரம் லைனில் நின்றபடியே சரிந்து விழுந்தாள். நான் ஓடியபோது உதடு வெளுத்துக் கிடந்தாள். குளுக்கோஸ் தண்ணீர் உள்ளே போனதும் கண் திறந்து என்னைப் பார்த்தாள்.

“பசிக்குதுன்னு சொன்னா திட்டுவீங்களோன்னு பயந்துட்டேங்க மேடம்.”

அத்தை வீட்டுப் பெண்

மூன்று மாத முடிவில் ஒரே ஒரு கிலோ இறங்கியிருந்தது. ‘உணவு விவரத்தில் உண்மை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று என் கையெழுத்து மிக அழகாக விழுந்தது.

அடுத்த வாரம் என் அறை வாசலில் பூப்போட்ட சுடிதாரில் அவள் நின்றாள். “யூனிஃபார்ம் எங்கே ரத்னா?” என்று அதட்டினேன். அவளுக்குப் பின்னாலிருந்து, யூனிஃபார்மில், ரத்னா எட்டிப் பார்த்தாள்.

இரட்டைப் பிள்ளைகள். அக்காவை ஊர்ப் பண்டிகைக்கு அழைத்துப்போக வந்தவள் சுமா. பிள்ளையில்லாத அத்தை, ஒரு வயதிலேயே அவளை ஆனேக்கல்லுக்குத் தூக்கிப்போய் வளர்த்தாராம். அத்தை வீட்டில் பேக்கரி. பன்னும் கேக்கும் தேங்காய் பிஸ்கட்டும் தின்றே வளர்ந்தவள். தராசில் ஏறச் சொன்னேன். தொண்ணூறு.

களி தின்றவளும் கேக் தின்றவளும் ஏறக்குறைய ஒரே எடை. பசி எவ்வளவு எடுக்கும், உடம்பு எவ்வளவு கொழுப்பைச் சேர்த்துவைக்கும் என்பதில் பெற்றோர் தந்த மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தட்டுக்கும் பங்கு உண்டு, ஆனால் தட்டு மட்டுமே காரணமில்லை. இதைப் படித்துத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். சுமா தராசிலிருந்து இறங்கினாள்.

“எங்க அம்மா, பெரியம்மா எல்லாம் இதே சைஸ்தான் மேடம். கூட்டிட்டு வரட்டா? சேத்து வெச்சுத் திட்டிடலாம்.”

திருத்தம்

‘முழுமையாக ஒத்துழைத்தார். உடல்வாகு பிறப்போடு வந்தது’ என்று புதுச் சீட்டு எழுதி எடுத்துக்கொண்டு எச்.ஆர். அதிகாரியிடம் ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான். அவர் சீட்டை வாங்கவில்லை. எழுந்து எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். வேலை நிரந்தரமானவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ரத்னா இல்லை.

“லிஸ்ட் நேத்தே போயிருச்சுங்க மேடம். நீங்க படிச்சவங்க, பெரியவங்க, பொய் எழுத மாட்டீங்கன்னுதான் அந்தப் பேரை எடுத்துட்டோம்.”

ரத்னா இப்போது காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் பருவ வேலை பார்க்கிறாள். அங்கே தராசில் ஏறுவது மாம்பழம் மட்டும்தான்.