சபைக்கு விழுந்த மன்னிப்பு

ஆராயியின் வலது கை சாகும்வரை நிமிரவேயில்லை. முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

அடி அண்ணாமலை கிராமத்தில் அவளுக்கும் பங்காளி சின்னசாமிக்கும் கூட்டுக் கிணறு. எண்பத்து மூன்று கோடையில், அவளுடைய முறைநாளன்று அவன் மோட்டாரைப் போட்டுத் தன் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சினான். புருஷன் இல்லாதவள், கேட்க ஆள் ஏது என்ற நினைப்பு. அவளே போய்க் கேட்டாள். மண்வெட்டிக் காம்பால் மூன்று அடி.

கேஸ் போட்டு மூன்று வருஷம் கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக நடந்தாள். என்ன நடந்தது என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

சட்ட உதவி வக்கீல் வேதாதான் தேடி வந்து சொன்னாள்: "கோர்ட்டுல புதுசா சமரச முகாம் வைக்கிறோம்மா. அடிச்சவரும் நீங்களும் நேருக்கு நேரா பேசலாம். பிடிக்கலன்னா கேஸ் நடக்கட்டும்."

நேருக்கு நேர் என்றதற்காகவே ஆராயி போனாள்.

மேசைக்குப் பின்னால் ஓய்வுபெற்ற நீதிபதி கோதண்டராமனும் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரும். சின்னசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊர்ப் பஞ்சாயத்தில் விழுவதுபோல மேசைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"சபை மன்னிக்கணும்."

"ஏந்திருப்பா," என்றார்கள் பெரியவர்கள். சமரசப் படிவமும் மைப்பெட்டியும் ஆராயியிடம் நகர்ந்து வந்தன.

"மன்னிப்புக் கேட்டுட்டாம்மா. கைநாட்டு வை," என்றார் கோதண்டராமன்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கை ஒடஞ்சது எனக்கு. இவன் விழறது உங்க கால்ல. உங்களயா அடிச்சான்?"

வேதாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நாற்காலிகளை எல்லாம் மேசையைப் பார்த்துப் போட்டவள் அவள்தான். எழுந்துபோய் ஒன்றை ஆராயியின் எதிரே திருப்பிப் போட்டு, சின்னசாமியை உட்காரச் சொன்னாள்.

"ஏதோ கோவத்துல கை பட்டுடுச்சு, அண்ணி..."

"கையாடா பட்டுது? மம்பட்டிக் காம்பு. எத்தினி அடி?"

அவன் சுவரைப் பார்த்தான். "மூணு."

"எதுக்கு?"

"உன் மொறத் தண்ணிய எடுத்தேன். கேட்ட. அடிச்சேன்."

"இத எழுதும்மா," என்றாள் ஆராயி, வேதாவிடம்.

படிவத்தில் அதற்கு இடமில்லை. வேதா ஓரத்தில் எழுதிப் படித்துக் காட்டினாள். சின்னசாமி துள்ளி எழுந்தான்.

"இதுல கையெழுத்துப் போட்டா ஊர்ல தல காட்ட முடியுமா? விழுந்து கும்பிட்டது பத்தாதா?"

"எங்கிட்ட சொன்னத எழுத்துல சொல்ல வலிக்குதா?"

"பிடிவாதம் ஜாஸ்திம்மா உனக்கு," என்றார் கோதண்டராமன்.

"ஜாஸ்திதாங்க." மைப்பெட்டியை அவர் பக்கமே தள்ளினாள். "அடுத்த வாய்தா என்னிக்குன்னு சொல்லுங்க."