மாமா பாட்டில் நான் சொன்ன ‘ஓ’

எங்கள் வீட்டில் பத்துக் கட்டளைகளோடு பதினொன்றாவதாக ஒன்று இருந்தது: விளித்தால் விளி கேட்க வேண்டும். யாராவது கூப்பிட்டால், வாழைத்தோப்பில் நின்றாலும் குளிமுறியில் குளித்துக்கொண்டு நின்றாலும் ‘ஓ’ என்று குரல் கொடுத்துவிட வேண்டும். “விளிச்சேன், கேக்கல்லியா?” என்று அம்மா ஆரம்பித்தால் அதற்குப் பிறகு கொய்யாக் கம்புதான் பேசும். அதனால் ஒன்பது வயதுக்குள் அந்த ‘ஓ’ என் நாக்கிலேயே குடியிருக்கத் தொடங்கிவிட்டது.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, வளைகுடாவில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர், ராப் பாடகராகிவிட்டார். முதலில் சென்னைக்காரர்போல் பேசிப் பாடிப் பார்த்தார். ஊர்ப் பையன்கள் சிரித்த சிரிப்பில் அதை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற பேச்சிலேயே பாட ஆரம்பித்தார். ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷினின் சத்தத்தைச் செல்போனில் பிடித்து அதையே தாளமாக்கினார். ஷீட் காயப்போடும் அறைதான் ஸ்டுடியோ. தொங்குகிற ஷீட்டுகள் எதிரொலியைத் தடுக்குமாம். நாற்றத்தைத் தடுக்க அவரிடம் வழி எதுவும் இல்லை. இது பாட்டா ஏச்சா என்று அம்மா தினமும் கேட்பாள்.

அந்த வருடம் எங்கள் வேதக்கோயில் அசனத்துக்கு மாமா ஒரு பாட்டு பாட வேண்டும் என்று வாலிபர் சங்கத்தார் பிடிவாதம் பிடித்தார்கள். அசனம் என்றால் ஆராதனை முடிந்து சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். கீர்த்தனை மட்டுமே கேட்டுப் பழகிய கோயிலில் ராப் பாடுவது சாதாரண விஷயமா? மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக் கோயிலில் ஒரு தடவையாவது பாட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

பாட்டு அவர் வளைகுடாவில் பட்டதைப் பற்றியது. ஒரே அறையில் இருந்த நண்பர், எங்கள் பக்கத்து இனயம் என்ற கடற்கரை ஊர்க்காரர், காய்ச்சலில் கிடந்தபோது மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டுப்போட்டு ஜெபித்திருக்கிறார். நண்பர் பிழைக்கவில்லை. ‘விளிச்சேன், விளிச்சேன், நீரு விளி கேக்கல்ல’ என்று பாட்டில் ஒரு வரி வரும். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் நான் இரண்டாவது மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்காகப் பத்து நாள் ரப்பர் நாற்றத்தில் நின்று பழகினேன்.

சபைச் செயலர் பாட்டை முன்கூட்டியே கேட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது, கர்த்தர் விளி கேட்கவில்லை என்று பீடத்துக்கு முன்னால் நின்று சொல்ல முடியாது, அதை மட்டும் எடுத்துவிட்டால் பாடலாம் என்றார். மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் சம்மதித்தார். ஆனால் அந்த இடத்தில் வேறு வார்த்தை போட மாட்டேன், தாளம் மட்டும் ஓடட்டும் என்றாராம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். என்னிடம் சொல்ல எல்லாருமே மறந்துபோனார்கள்.

அசனத்தன்று மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நன்றாகவே பாடினார். நானும் கடைசிச் சொற்களைத் தவறாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். “விளிச்சேன், விளிச்சேன்” என்றார். பிறகு வாயை மூடிக்கொண்டார். மிஷின் சத்தம் மட்டும் ஓடியது. மாமா வரியை மறந்துவிட்டார் என்று பயந்து நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். என் நாக்கு கொய்யாக் கம்பை நினைத்துக்கொண்டது. மைக்கில், கோயில் முழுக்கக் கேட்கும்படி, “ஓ” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அல்லேலூயா வந்தது. பிறகு கைதட்டவே கூடாத எங்கள் கோயிலில் கைதட்டல் எழுந்தது. மாமா அடுத்த வரியை உண்மையிலேயே மறந்துபோய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்படியோ பாடி முடித்தார். கர்த்தர் ஒரு பிள்ளையின் வாய் வழியாக விளி கேட்டுவிட்டார் என்று செயலர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். பந்தியில் எனக்கு இரண்டு தடவை இறைச்சி விழுந்தது. அன்றைக்கு என்னைப்போலச் சந்தோஷமான ஆள் ஜில்லாவிலேயே கிடையாது.

அடுத்த மாதம் மாமா பாட்டை யூடியூபில் போட்டார். அந்த ‘ஓ’ இருந்தால் எல்லாக் கோயில்களிலும் போடுவார்கள் என்று செயலர் சொல்லிப் பார்த்தார், நண்பர்களும் சொன்னார்கள். நான் அண்டை வீடுகளிலெல்லாம் முன்கூட்டியே பீற்றிக்கொண்டு, அம்மாவின் போனை எடுத்து வைத்துக் கேட்டேன். பழைய வரி அப்படியே திரும்பி வந்திருந்தது. என் ‘ஓ’ இல்லை.

நான் மாமாவோடு பேசுவதை நிறுத்தினேன். ஞாயிறு காலையில் அவரே வந்து முன்னால் உட்கார்ந்தார். அப்போ நான் சொன்னது பொய்யா என்று கேட்டேன்.

“இல்ல மக்கா. நீ விளி கேட்டது உள்ளது,” என்றார். “ஆனா அங்க, அவன் கெடந்த அன்னைக்கு, ஒருத்தரும் கேக்கல்ல. அதும் உள்ளதுதான். அத மாத்திப் பாடினா அவனுக்க மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?”

சொல்லிவிட்டு, ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று பைபிளை எடுத்துக்கொண்டு எங்களுக்கெல்லாம் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். கூப்பிட்டால் விளி கேட்காதவர் வீட்டுக்கு இவர் எதற்கு இப்படி ஓடுகிறார் என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.