ஏணி மேல் போட்ட பழி

இரண்டாயிரம் பிறந்து நான்கைந்து வருஷம் இருக்கும். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த மச்சினனைப் பார்க்க, பொங்கல் கழிந்து நானும் மனைவியும் போனோம். ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனவன், பௌலிங் ஆடும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். வழவழவென்று ஒரு பலகைத் தரை. அந்தக் கோடியில் பத்துக் கட்டைகள் நிற்கும். மூன்று ஓட்டை போட்ட குண்டை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். சாய்த்ததும் ஓர் இயந்திரம் மறுபடி நிறுத்திவைத்துவிடும். அப்புறம் சாய்ப்பானேன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடம்பு தப்பித்திருக்கும்.

புதியவர்கள் சின்னக் குண்டை எடுப்பது நல்லது என்று அங்கே வேலை செய்த பெண் சொன்னாள். கொல்லிமலைக்காரனிடம் போய் இப்படிச் சொல்லலாமா? பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறுகிற ஊர் எங்களுடையது. நான் வாத்தியார், சாக்பீஸைவிடக் கனமானதைத் தூக்கிப் பல வருஷமாகிறது என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. இருப்பதிலேயே பெரியதை எடுத்தேன்.

முதல் குண்டு ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் பத்துக் கட்டையையும் சாய்த்துவிட்டுக் குதித்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டாவதை ஓடிவந்து வீசினேன். கை போயிற்று, குண்டு போயிற்று, கட்டைவிரல் மட்டும் ஓட்டையை விட்டு வரமாட்டேன் என்றது. இடுப்பு ஒரு பக்கமும் முழங்கால் மறு பக்கமுமாகத் திரும்ப, பலகையில் குப்புற விழுந்தேன். ஒருவழியாக விரலை விட்ட குண்டு ஆடி அசைந்து போய் ஒரே ஒரு கட்டையைச் சாய்த்தது. மச்சினன் கைதட்டினான். அவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கட்டைவிரலோடு சேர்த்துக் கைக்கு மாவுக்கட்டு, இடுப்புக்கு பெல்ட். திரும்பி வரும்போது மலைப்பாதையின் எழுபது வளைவுகளும் இடுப்பில்தான் திரும்பின.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் கேட்டார்கள். "என்னங்க சார், கையில கட்டு?"

நின்றிருந்த கட்டையைச் சாய்க்கப் போய் நானே சாய்ந்தேன் என்று எப்படிச் சொல்வது? "பெங்களூர் போறதுக்கு முன்னால மிளகு ஏணியில ஏறிப் பாத்தனுங்க, வழுக்கிருச்சு, அங்க போய்த்தான் கட்டுப் போட்டனுங்க" என்றேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். சுகமாக இருந்தது.

அந்த ஏணி என்னுடையதல்ல. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க எங்கள் பக்கம் கண்ணேணிதான். கணுவுக்குக் கணு கிளைக்கட்டையைப் படியாக விட்டு வெட்டிய ஒற்றை மூங்கில் அது. பறிக்கிறவர் அவரே பார்த்து வெட்டி, தோட்டம் தோட்டமாகச் சுமந்து போவார். எங்களுக்குப் பறிக்க வருகிறவர் தன் ஏணியை முன்கூட்டியே எங்கள் தோட்டத்தில் சாத்தியிருந்தார். ஆள் விழுந்த ஏணியை எங்கள் ஊரில் வேறு யாரும் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள். வாத்தியாருக்கு இது தெரியாதா? தெரியும். டீக்கடையில் என் மானம் ஒன்றுதான் கண்ணில் பட்டது.

மூன்றாம் நாள் அவர் ஏணியைச் சுமந்துகொண்டு வாசலுக்கு வந்தார். "ரெண்டு தோட்டத்துல வேண்டாம்னுட்டாங்க சார். எந்தக் கணுவுங்க வழுக்குச்சு? காட்டுங்க."

இந்த இரண்டு மாதப் பறிப்பை நம்பித்தான் அவர் வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். அது தெரிந்தும், கட்டில்லாத கையை நீட்டி கண்ணில் பட்ட கணுவைக் காட்டினேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அவர் ஏணியைச் சுவரில் சாத்தி, அந்தக் கணுமேல் ஏறி நின்று குதித்தார். அசையவில்லை. மறுபடி குதித்தார். "நல்லாத்தானுங்களே இருக்குது" என்றார். கோபமில்லை, குழப்பம்தான். தன் கண்ணையே சந்தேகப்பட்டுக் கணுவைத் தடவிப் பார்த்தார். பிறகு, வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்தக் கணுவை வெட்டிப் போட அரிவாளை எடுத்தார்.

மனைவி உள்ளிருந்து வந்தாள். "ஏனுங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இத எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? டீக்கடையில வந்து சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அவரை வேண்டாமென்ற தோட்டக்காரர்களில் ஒருவரும் அங்கே இருந்தார். "குண்டு உருட்டி யாருங்க சார் கைய ஒடைச்சுக்குவாங்க? அவரு பாவம்னு சொல்றீங்க" என்றார். பொய்யை உடனே நம்பியவர்கள் உண்மைக்கு அத்தாட்சி கேட்டார்கள்.

வேறு வழியில்லை. பெஞ்சை ஓரமாகத் தள்ளிவிட்டு, இல்லாத குண்டை எடுத்து, நான்கு எட்டு ஓடி, குனிந்து வீசிக் காட்டினேன். இடுப்பு அப்படியே பிடித்துக்கொண்டது. குனிந்தவன் குனிந்தபடி நின்றேன். டீக்கடை சிரித்து உருண்டது. தோட்டக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நெசந்தானுங்கோ" என்றார்.

ஏணியோடு கூட வந்திருந்த மிளகு பறிப்பவர் மட்டும் சிரிக்கவில்லை. தோட்டக்காரரைப் பார்த்து, "அப்ப நாளைக்கு வரட்டுங்களா?" என்று கேட்டார்.

"காலையிலயே வந்துருங்க."

ஏணியைத் தோளில் ஏற்றும் சத்தம் கேட்டது. அவருடைய கால்கள் என் பக்கத்தில் வந்து நின்றன. "உங்க தோட்டத்துக்கு வேற ஆளப் பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க இடுப்பு விடவில்லை. விட்டிருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.